அட்டையில் ஒரு காலிக் கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கோபியிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். அவளுக்கு இது தலைப்பிள்ளை, நாலாம் மாசம். அழுது முடித்துவிட்டுத்தான் பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“அக்கா, எனக்கு ரத்தம் உறையற வியாதி இருக்குதாமா. பரம்பரையா வர்றதாம். புரோட்டீன் எஸ் முப்பத்தெட்டுதான் இருக்குது. தினமும் வயித்துல ஊசி போட்டுக்கோணுமாம். கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்லக்கா?”

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஆறு பக்கம் வந்தது. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், ஃபேக்டர் ஃபைவ் லைடன், எம்டிஎச்எஃப்ஆர், ஹோமோசிஸ்டீன் என்று வரிசையாக, எல்லாம் தசமப் புள்ளி சுத்தமாக. மாப்பிள்ளையின் அரை மாதச் சம்பளம் அந்த ஆறு பக்கத்துக்குப் போயிருக்கிறது. முழுக்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“உன் பிரஷர் எவ்வளவு கண்ணு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தெரியலியேக்கா. போன தடவ பாத்தாங்க. ஒண்ணுஞ் சொல்லல.”

“செக்கப் அட்டையில எழுதியிருப்பாங்க, எடுத்துப் பாரு.”

எடுத்து வந்தாள். எடை எழுதியிருந்தது. ஸ்கேன் தேதி எழுதியிருந்தது. பிரஷர் கட்டத்தில் ஒரு முறை ‘நார்மல்’ என்று இருந்தது. இன்னொரு முறை அந்தக் கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் பிரஷரோடு பெற்றவள், இரண்டாவதில் எழுபது ஊசியை என் கையாலேயே வயிற்றில் குத்திக்கொண்டவள். பல வருடமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும், தெரிந்த டாக்டர்களை விடாமல் கேட்டும் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

2015இல் என் பெரியவள் வயிற்றில் இருந்தாள். 29ஆவது வாரம் செக்கப்புக்குப் போன அன்று நல்ல கூட்டம். மாடியேறிப் போய் மூச்சு வாங்க நின்றவளை நிற்க வைத்தே, சுடிதார் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். 142/92. “படி ஏறி வந்தீங்கல்ல, அதான். டென்ஷன் ஆகாதீங்க. உப்பக் கொறச்சுக்கோங்க.” அதோடு முடிந்தது. உட்கார வைத்து மறுபடி பார்க்கவில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கவில்லை. நாலு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. 20 வாரம் தாண்டிய பிறகு, நாலு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ தொட்டால் அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பு என்பதையெல்லாம் நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் கால் வீங்கியது. “நீர் கோத்திருக்குது, பார்லித் தண்ணி குடி” என்றார் அம்மா. மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது. முகம் ஊதியது. பக்கத்து வீட்டு அக்கா, பையன்தான் பிறப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார். வளைகாப்புப் போட்டோவில் என் கண் இரண்டும் பாதி மூடியிருக்கும். தூக்கக் கலக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

31ஆவது வாரம், ராத்திரி இரண்டு மணி. நெஞ்சுக்குழியில், வலப்பக்கமாக, யாரோ முழங்கையால் அழுத்துகிற மாதிரி வலி. “வாயுதான் கண்ணு” என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கல்லீரல் வீங்கினால் அந்த இடத்தில்தான் வலிக்கும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? விடியும்போது தலைவலியில் மண்டை பிளந்தது. சுவரைப் பார்த்தால் மின்மினி பறந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பிரஷர் 176/114.

மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். உடம்புக்குள் வெந்நீர் ஓடுகிற மாதிரி ஒரு சூடு தலையிலிருந்து கால் வரைக்கும் இறங்கும், மறக்கவே முடியாது. மணிக்கொரு தரம் ஒரு சிஸ்டர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்த்தார், மூச்சை எண்ணினார், சிறுநீரை அளந்தார். மருந்து அளவு மீறினால் முதலில் நிற்பது அந்தத் துள்ளல்தானாம். அடுத்தது மூச்சு. அந்த சிஸ்டர் ராத்திரி முழுக்க உட்காரவே இல்லை.

மறுநாள் சிசேரியன். 1,240 கிராமில் ஒரு பெண் குழந்தை. 34 நாள் இங்க்குபேட்டர், பிறகு என் நெஞ்சோடு ஒட்டி வைத்துக் கட்டிய கங்காரு பராமரிப்பு. இப்போது அவளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிரசவம் மறுபிறவி என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. அம்மாயியின் தங்கை ஒருத்தர் ஜன்னி கண்டு இறந்தார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வலி எடுக்கும் முன்பே கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். பேய் என்று வேப்பிலை அடித்தார்களாம். எனக்கு வரப் பார்த்ததும் அதே ஜன்னிதான். மருத்துவத்தில் அதற்கு எக்லாம்ப்சியா என்று பெயர். அதற்கு முந்தைய கட்டம் ப்ரீஎக்லாம்ப்சியா. உலகத்தில் நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது.

இதன் மூலம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கரு உருவாகி நாலைந்து மாதத்துக்குள், கர்ப்பப்பைச் சுவரில் இருக்கும் சுருள் சுருளான மெல்லிய ரத்தக்குழாய்களை நஞ்சுக்கொடியின் செல்கள் உள்ளே புகுந்து அகலப்படுத்த வேண்டும். வாய்க்காலை வெட்டி ஆறாக்குகிற வேலை அது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் அந்த வழியாகப் பாய வேண்டும். சிலருக்கு அந்த வெட்டு வேலை பாதியில் நின்றுவிடுகிறது. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி ஒரு புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. அமெரிக்காவில் பாஸ்டனில் அனந்த் கருமஞ்சியின் குழு 2003இல் அதைக் காட்டியது. அந்தப் புரதம் ரத்தக்குழாய்களின் உட்பூச்சைக் காக்கும் பொருளைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கர்ப்பமான எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது எலிகளுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. உட்பூச்சு கெட்டால் சிறுநீரகம் கசியும், கல்லீரல் வீங்கும், மூளை இழுப்பு காணும். இதைப் படித்த நாளில் நஞ்சுக்கொடி என்ற நம் சொல்லை நானே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இதில் ரத்தம் உறையும் கோளாறு எங்கே வந்தது? நியாயமான வழியாகத்தான் வந்தது. ப்ரீஎக்லாம்ப்சியா கண்டவர்களின் நஞ்சுக்கொடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கங்கே ரத்தம் கட்டி, செத்துப்போன திட்டுகள் தெரியும். அப்படியென்றால் சீக்கிரம் உறைகிற ரத்தம்தான் காரணமோ என்று யாருக்கும் தோன்றும். சுவீடனில் மால்மோ நகரத்தில் பியோர்ன் டால்பேக் என்பவர் 1993இல் ஒரு விஷயம் கண்டார். நம் உடம்பில் உறைதலை நிறுத்துகிற கத்தரிக்கோல் ஒன்று உண்டு. அதுதான் புரோட்டீன் சி. அதற்குக் கைப்பிடி மாதிரி உதவுவது புரோட்டீன் எஸ். சில குடும்பங்களில் அந்தக் கத்தரிக்கோல் சரியாகவே இருந்தும் வெட்டவில்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். கத்தரிக்கோல் வெட்ட வேண்டிய இடத்தில், ஐந்தாம் காரணி என்ற புரதத்தில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த ஊர்ப் பெயராலேயே அது ஃபேக்டர் ஃபைவ் லைடன். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் இருக்கிறது. நம்மிடம் அதைவிட நன்றாகவே குறைவு.

இவ்வளவு பரவலான கோளாறு ஏன் அழியாமல் இருக்கிறது என்று யோசித்த மால்மோக்காரர்கள், இந்த மாற்றம் உள்ள பெண்களுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு குறைவாக இருப்பதைப் பார்த்தார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்ச் செத்த காலத்தில் அது ஒரு கவசமாக இருந்திருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

1999இல் டெல் அவிவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கடுமையான ப்ரீஎக்லாம்ப்சியா, வளர்ச்சி குன்றிய குழந்தை, வயிற்றிலேயே இறந்த குழந்தை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பட்ட 110 பெண்கள் ஒரு பக்கம், நல்லபடியாகப் பெற்ற 110 பெண்கள் இன்னொரு பக்கம். பாதிக்கப்பட்டவர்களில் 65 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு உறைதல் கோளாறு இருந்தது. மற்றவர்களில் 18 சதவீதம்தான். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம் கிடைத்துவிட்டது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி கைவசம் இருக்கிறது, பிறகென்ன? அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மெலிந்துகொண்டே போனது. ஆனால் பரிசோதனையும் ஊசியும் அதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன. எனக்கும் வந்தன.

2019. இரண்டாவது முறை பத்தாவது வாரத்தில் அதே ஆறு பக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். புரோட்டீன் எஸ் 41 சதவீதம், எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் ஒரு மாற்றம். “போன தடவை பிரஷர் வந்ததுக்கு இதுதான் காரணம்” என்றார்கள். நம்பினேன். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது. நாலு வருடமாக ‘நான் என்ன தப்புப் பண்ணினேன்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு காகிதம் பதில் சொல்கிறது. விடுவேனா?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எனாக்சபெரின் என்ற ஹெபாரின் வகை ஊசி. தொப்புளைவிட்டு இரண்டு இஞ்சு தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்றுக் குமிழியைத் தள்ளிவிடக் கூடாது, குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் கன்னிப்போகும். தேய்க்காவிட்டாலும் பாதி நாள் கன்னிப்போனது. பெரியவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “பாப்பா உள்ளயிருந்து கிள்ளுதாம்மா?” என்று கேட்டாள்.

வலியைத் தாங்கலாம். ஊருக்குள் பரவிய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. ‘அந்த வம்சத்து ரத்தமே கோளாறாம்.’ ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி: ப்ரீஎக்லாம்ப்சியாவுக்கான மரபணுத் தொடர்பு ஒன்றை 2017இல் கண்டார்கள். அது தாயிடம் இல்லை, குழந்தையின் மரபணுவில் இருந்தது. பாஸ்டன்காரர்கள் சொன்ன அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவுக்குப் பக்கத்திலேயே. குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. இனி யார் வீட்டு ரத்தம் என்று பேசுகிறவர்கள் இரண்டு வீட்டையும் சேர்த்துப் பேசட்டும்.

எழுபதாவது ஊசி முடிந்த சமயம், அத்தை வற்புறுத்திக் கோயம்புத்தூரில் ஒரு ரத்தவியல் டாக்டரிடம் அழைத்துப் போனார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “இந்தப் பரிசோதனையை எந்த வாரத்துல எடுத்தீங்க?”

பத்தாவது வாரம் என்றேன். பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கர்ப்பமானாலே உடம்பு பிரசவத்தின் ரத்தப்போக்குக்குத் தயாராகிறது. உறைய வைக்கும் காரணிகள் ஏறும், உறைதலைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் தானாக இறங்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு எழுதிய நார்மல் அளவை வைத்துக் கர்ப்பிணியை அளந்தால் பாதிப் பேருக்கு ‘குறைவு’ என்றுதான் வரும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் கணக்கில், நடு மூன்று மாதங்களில் 30 சதவீதத்துக்குக் கீழே, கடைசி மூன்று மாதங்களில் 24க்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். அதையும் பிரசவம் முடிந்து உடம்பு பழைய நிலைக்கு வந்த பிறகு மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எம்டிஎச்எஃப்ஆர் மாற்றம் மிகப் பரவலானது, அதைச் சோதிக்கவே வேண்டாம் என்று அதே சங்கம் சொல்கிறது. “உங்களுக்கு எப்பவாவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டியிருக்கா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது?” என்று கேட்டார். இல்லை. “அப்ப இந்த ஊசி உங்களுக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியல.”

பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தோம். புரோட்டீன் எஸ் 84. எனக்கு அந்த வியாதி எந்தக் காலத்திலும் இல்லை.

சரி, பரிசோதனையில் தப்பு. உண்மையாகவே அந்த மரபணு இருப்பவர்களுக்காவது ஊசி உதவுமா? அதையும் நேராகச் சோதித்திருக்கிறார்கள். கனடாவில் மார்க் ராட்ஜர் தலைமையில், உறைதல் கோளாறு உறுதியான 292 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு டால்டெபெரின் என்ற இன்னொரு ஹெபாரின் வகை ஊசி, மறுபாதிக்கு ஊசி இல்லை. 2014இல் லான்செட்டில் முடிவு வந்தது. கடுமையான ப்ரீஎக்லாம்ப்சியா, வளர்ச்சி குன்றல், கரு இழப்பு, ரத்தக்கட்டு எல்லாம் சேர்த்து ஊசி போட்டவர்களில் 17.1 சதவீதம், போடாதவர்களில் 18.9. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பரம்பரைக் கோளாறும் இருந்து இரண்டு அல்லது அதற்கு மேல் கருவும் கலைந்த 326 பெண்களை வைத்து இன்னொரு ஆய்வு 2023இல் வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு உயிரோடு குழந்தை, போடாதவர்களில் 71. கரு கலைந்த துக்கத்தில் தினமும் தன்னைத் தானே குத்திக்கொள்ளும் பெண்கள் இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். ஹெபாரின் உயிர் காக்கும் இடங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்களுக்கு அது வேண்டும். ஆன்டித்ராம்பின் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு வேண்டும். ஃபேக்டர் ஃபைவ் லைடன் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் வேண்டும். கர்ப்பத்திலும், அதைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்திலும் இவர்களுக்கு ரத்தக்கட்டு வரும் ஆபத்து நிஜம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்று இன்னொன்று உண்டு. அது பரம்பரை வியாதி இல்லை, நடுவில் வருவது. 12 வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் சேர்த்துக் கொடுப்பார்கள். கரு தங்குவதற்கு அது உதவுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: “டாக்டர், இந்த ஊசி ரத்தக்கட்டைத் தடுக்கவா, பிரஷரைத் தடுக்கவா?” பிரஷரைத் தடுக்க என்று பதில் வந்தால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

பிரஷரைத் தடுக்க உண்மையில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. நம் வீட்டு மாமாக்களின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது.

அந்த ரத்தவியல் அம்மா நிறுத்தச் சொன்னது ஊசியை மட்டும்தான். 12ஆவது வாரத்திலிருந்து ராத்திரி படுக்கப் போகும்போது எகோஸ்ப்ரின் என்கிற ஆஸ்பிரின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், அதைத் தொடரச் சொன்னார். அத்தை அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துப் பதறிவிட்டார். “இது உங்க மாமாவுக்கு ஹார்ட்டுக்குக் குடுக்கறதாச்சே, உனக்கெதுக்கு?” குறைந்த அளவு ஆஸ்பிரினை 1994இல் 9,364 பெண்களிடம் சோதித்தபோது பெரிய பலன் தெரியவில்லை. 60 மில்லிகிராம்தான் கொடுத்தார்கள், பலருக்குத் தாமதமாகவும் ஆரம்பித்தார்கள். வாய்க்கால் வெட்டி முடியும் முன்பே கொடுத்தால் என்ன ஆகும் என்று லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸின் குழு பார்த்தது. ஆபத்து அதிகம் என்று வடிகட்டிய 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஆரம்பித்து 36 வாரம் வரை தினமும் ராத்திரி 150 மில்லிகிராம். 2017இல் முடிவு. 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வைக்கிற ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கியது. சில்லறைக் காசு மாத்திரை. 16ஆவது வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா கொடுக்கிற கால்சியம் மாத்திரையையும் அலட்சியம் செய்யாதீர்கள். உணவில் கால்சியம் குறைவான நம் மாதிரிப் பெண்களுக்கு அது ப்ரீஎக்லாம்ப்சியாவைக் குறைக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் 11,000 பெண்களிடமும் தான்சானியாவில் 11,000 பெண்களிடமும் பார்த்து, தினம் 500 மில்லிகிராம், 1,500க்குச் சளைத்ததில்லை என்று 2024இல் சொல்லிவிட்டார்கள். என்னைச் சுட்ட அந்த மெக்னீசியம்? 33 நாடுகளில் 10,141 பெண்கள், 2002. வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. அம்மாயியின் தங்கைக்குக் கிடைக்காத மருந்து அது.

என் இரண்டாவது கர்ப்பத்தில் 20ஆவது வாரத்திலிருந்து வீட்டிலேயே காலையும் ராத்திரியும் பிரஷர் பார்த்தேன். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் பதித்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். கை பருமனானவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். 36ஆவது வாரம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி 148/94. நாலு மணி நேரம் கழித்து 146/96. இந்த முறை யாரும் படியைக் குறை சொல்லவில்லை. பிரஷரைக் குறைக்க லேபெட்டலால் ஆரம்பித்தார்கள், 37ஆவது வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பையன் 2,700 கிராம். சுகப்பிரசவம்.

சித்தி மகளிடம் அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். “உன்னையப் பெக்கறப்ப சித்திக்கு எப்பிடி இருந்துதுன்னு ஆஸ்பத்திரில யாராச்சும் கேட்டாங்களா?” கேட்கவில்லை. சித்திக்குப் பிரஷர் ஏறி எட்டாம் மாசத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை இவள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் ஆபத்து கூடுதல், தலைப்பிள்ளை என்றால் இன்னும் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். ஆறு பக்கப் பரிசோதனையில் அகப்படாத பரம்பரை, சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அகப்பட்டிருக்கும். அவளுக்கு அன்று 15 வாரம் 3 நாள். கையில் நாலே நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை அத்தனையையும் சீட்டில் எழுதிக்கொண்டு போய் அவளுடைய டாக்டரிடமே கேட்டாள். கோபப்படுவார் என்று பயந்து போனவளிடம் பொறுமையாகப் பேசினாராம். அவர் கைப்படவே இரண்டு முறை பிரஷர் பார்த்து, எகோஸ்ப்ரின் எழுதிக் கொடுத்து, ஊசி விஷயத்துக்கு ரத்தவியல் டாக்டரைப் பார்க்க அனுப்பினார். புதன்கிழமை அங்கேயும் ஊசி வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி சோதித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு பிரஷர் கருவி வாங்கி வந்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் மாசமாக ஒரு பெண் இருந்தால், இன்றைக்கே அவள் அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் ‘நார்மல்’ என்று இருந்தால் போதாது, எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அவள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்று கேட்டு அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தலைவலி விடவில்லை, கண்ணில் பூச்சி பறக்கிறது, நெஞ்சுக்குழி வலிக்கிறது, முகம் ஊதுகிறது என்று அவள் சொன்னால் ஓமத் தண்ணீர் வைக்காதீர்கள். பிரஷர் பாருங்கள். மேல் எண் 160ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தை பிறந்துவிட்டது என்று அசரவும் வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். எனக்கு வந்த மாதிரி ஒரு முறை வந்துபோனவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நானும் வருடா வருடம் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி கோபியிலிருந்து வந்த மெசேஜ்: காலையில் 118/76, ராத்திரி 122/78.